டைப் அடித்த கையெழுத்து

என் அக்காவின் கணவர் மாநில அரசில் கெஜட்டட் ஆபீசர் ஆன அன்று வீட்டுக்கு இனிப்பு வாங்கி வரவில்லை. ஒரு பாட்டில் பச்சை மை வாங்கி வந்தார். கூடவே, தன் பெயரும் பதவியும் பொறித்த ஒரு ரப்பர் ஸ்டாம்ப். இரண்டையும் சுவாமி அலமாரியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுத்தார். அத்திம்பேர் ஆபீசில் என்ன வேலை செய்தார் என்று கேட்டால் எனக்கு இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியாது. அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மயிலாப்பூரில் எங்கள் தெருவிலும் பக்கத்து நாலு தெருவிலும் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. காரணம் அந்தப் பச்சை மைதான்.

அந்த நாளில் வேலைக்கு மனுப் போட்டாலும், காலேஜில் சேர்ந்தாலும், சான்றிதழின் ஜெராக்ஸ் நகலில் ஒரு கெஜட்டட் ஆபீசர் 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தால்தான் செல்லும். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை அத்திம்பேர் கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்துவிடுவார். செருப்புகள் வாசற்படி தாண்டித் தெருவரைக்கும் கிடக்கும். வந்தவர்களில் பாதிப்பேரைத் திருப்பி அனுப்புவதுதான் அவருக்கு அந்த வாரத்தின் முக்கியமான வேலை. ஒரு பையனின் நகலில் மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. அசலில் புள்ளி இல்லை, அதனால் இது எப்படி உண்மை நகல் ஆகும் என்று அரைமணி நேரம் அவனுக்கு விளக்கினார். இன்னொருவரின் அசல் நாலாக மடிக்கப்பட்டிருந்தது. படித்த படிப்புக்கு நீ கொடுக்கிற மரியாதை இதுதானா என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

நானும் அந்த மேஜைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். இருபத்திரண்டு வயதில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலைக்கு மனுப் போட்டபோது என் பி.காம். சான்றிதழை நீட்டினேன். மச்சினிக்குச் சான்று கொடுத்தால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள் என்று கையை விரித்துவிட்டார். அவர் வீட்டு மாடியறையில்தான் தங்கியிருந்தேன், அவர் வீட்டுச் சாதத்தைத்தான் சாப்பிட்டேன், ஆனால் நான் பட்டதாரி என்பதற்கு அவர் பொறுப்பேற்க மாட்டார். கடைசியில் சைதாப்பேட்டையில் ஒரு மாட்டு டாக்டரைப் பிடித்தேன். அவரும் கெஜட்டட் ஆபீசர்தான். ஒரு எருமையைப் பார்த்துவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, பன்னிரண்டு நகலிலும் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் பட்டம் பெற்றவள் என்று அரசாங்கத்துக்கு உத்தரவாதம் கொடுத்த ஒரே மனிதர் அவர்தான். வேலை கிடைத்தது. பத்து வருஷம் கழித்து, நான் சொல்லப்போகிற சம்பவம் நடந்தபோதும், நான் தி. நகர் கிளையில் அதே வேலையில், அதே மாடியறையில்தான் இருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. இரண்டாயிரம் பிறந்த மறுநிமிஷம் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று சொல்லிக்கொண்டே, மயிலாப்பூரில் வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கம்ப்யூட்டர் படிக்க அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் ஒரே பெண் கிண்டியில் இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி. அமெரிக்கப் பரீட்சைகளை எழுதி நல்ல மார்க்கும் வாங்கிவிட்டாள். அங்கே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஏர்மெயிலில் விண்ணப்பப் படிவம் வந்தது. வழவழ காகிதம், எட்டுப் பக்கம்.

அதை அவள் கையில் கொடுத்திருந்தால் ஒரு மத்தியானத்தில் முடித்திருப்பாள். அத்திம்பேர் கொடுக்கவில்லை. ஃபார்ம் பூர்த்தி செய்வது என்பது விளையாட்டு இல்லை என்று சொல்லி, முதலில் நாலு ஜெராக்ஸ் எடுத்தார். முதல் ஜெராக்ஸில் பென்சிலால் நிரப்பினார். இரண்டாவதில் திருத்தினார். மூன்றாவதை ஆபீசுக்கு எடுத்துப்போய் அங்கே ஒரு ஸ்டெனோவிடம் இங்கிலீஷைச் சரிபார்க்கச் சொன்னார். ஸ்டெனோ ஒரு வாரம் லீவில் போய்விட்டார். இப்படி மூன்று வாரம் ஓடியது. அசல் படிவம் மட்டும் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் கசங்காமல் இருந்தது. அதை எடுத்து எழுத உட்கார்ந்தபோது கடைசித் தேதிக்கு நாலே நாள் பாக்கி. தபாலில் போட்டால் போய்ச் சேராது.

பெண் அழவில்லை. அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. இன்டர்நெட்டில் அதே ஃபார்ம் இருக்கிறது என்றும், அங்கேயே நிரப்பி அங்கேயே அனுப்பிவிடலாம் என்றும், காகிதமே வேண்டாம் என்றும் அப்பாவிடம் சொன்னாள்.

"கையெழுத்து?" என்றார் அத்திம்பேர்.

"கடைசியில ஒரு கட்டம் இருக்கும்ப்பா. அதுல பேரை டைப் அடிச்சா அதான் கையெழுத்து."

அத்திம்பேர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். டைப் அடித்தது எப்படிக் கையெழுத்து ஆகும், கையும் இல்லை, எழுத்தும் அவளுடையது இல்லையே என்று அன்று முழுக்கக் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்து கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் அவர் பார்த்த எல்லா ஊழலையும் விட இது மோசம் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அக்காதான் ஒரு வார்த்தை சொல்லி முடித்து வைத்தாள். மூணு வாரம் உங்கள் பென்சில் செய்யாததை அந்த மிஷின் செய்யட்டுமே என்றாள்.

எங்கள் தெருமுனையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. அதை நடத்திய அம்மாள் நாற்பத்தைந்து வயதுக்காரி. எது எப்போது ஓடும் என்று மோப்பம் பிடிக்கத் தெரிந்தவள். ரெமிங்டன் மிஷின்களில் பாதியை விற்றுவிட்டு மூன்று கம்ப்யூட்டர் போட்டு, போர்டில் 'இன்டர்நெட் பிரவுசிங் சென்டர்' என்று சேர்த்து எழுதியிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் மூவரும் போனோம். பெண் விறுவிறுவென்று பக்கம் பக்கமாக நிரப்பினாள். அத்திம்பேர் அவள் தோளுக்கு மேலே குனிந்துகொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் 'இரு, இரு' என்றார். இந்த 'இரு'வில் முக்கால் மணி நேரம் போயிற்று. ஏழாவது பக்கத்தில் இருக்கும்போது மாடியில் அந்த அம்மாளின் மாமியார் யாருக்கோ பேசுவதற்காக போனை எடுத்தாள். அந்த நாளில் போன் லைன் வழியாகத்தான் இன்டர்நெட். லைன் அறுந்தது, திரை வெளுத்தது, ஏழு பக்கமும் போயிற்று.

"சாரி சார். கெயவிக்கு எத்தினி தபா சொன்னாலும் ஏறாது," என்றாள் அந்த அம்மாள்.

அன்று ராத்திரிவரை லைன் திரும்பக் கிடைக்கவில்லை. ஞாயிறு சென்டருக்கு விடுமுறை. திங்களும் செவ்வாயும் பெண்ணுக்குக் காலேஜில் பிராக்டிகல் பரீட்சை, சாயங்காலம்வரை இழுக்கும். கடைசி நாளோ திங்கள். அதனால் எல்லா விவரத்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி என்னிடம் கொடுத்தாள். "சித்தி, நீயே உக்காந்து அடிச்சுடு. ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பழகியிருக்கே. அப்பாவுக்குப் பேச்சு கொடுத்துண்டே இரு," என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் அத்திம்பேர் அரைநாள் லீவு போட்டுவிட்டு எனக்கு முன்னாலேயே சென்டரில் போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் பச்சை மைப் பேனா. கைப்பையில் ரப்பர் ஸ்டாம்பும் மைப்பெட்டியும். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் ஒற்றை விரலால் அடித்தார்.

முதல் கட்டமே பெயர். எங்களுக்கெல்லாம் பெயர் என்றால் முன்னால் அப்பாவின் இனிஷியல், பின்னால் சொந்தப் பெயர். அவ்வளவுதான். வெள்ளைக்காரர்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருந்தார்கள். பெண் தாளில் தெளிவாகத்தான் எழுதியிருந்தாள், முதல் கட்டத்தில் தன் பெயர், இரண்டாவதில் அப்பா பெயர் என்று. அத்திம்பேருக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. முதல் என்றால் முதலில் வருவது, கடைசி என்றால் கடைசியில் வருவது, இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்றார். இனிஷியலை மட்டும் அடித்துப் பார்த்தார். ஒற்றை எழுத்தை மிஷின் ஏற்கவில்லை. சரி, விரித்து எழுதுவோம் என்று முடிவு செய்தார். விரிப்பதில் அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை. முதல் கட்டத்தில் பூர்வீக கிராமத்தின் பெயரையும் தன் தகப்பனார் பெயரையும் அடித்தார். இரண்டாவது கட்டத்தில் தன் பெயர். அதற்குப் பின்னால் பெண்ணின் பெயரை அடிக்கத் தொடங்கினார். முதல் எழுத்து விழுந்தது. அடுத்த எழுத்து விழவில்லை. கட்டம் நிரம்பிவிட்டது.

தஞ்சாவூர் ஜில்லாவில் இப்போது எங்கள் வீட்டார் யாருமே இல்லாத ஒரு கிராமத்துக்கு அதில் இடம் இருந்தது. செத்துப்போய் இருபது வருஷமான தாத்தாவுக்கு இடம் இருந்தது. அத்திம்பேருக்கு இருந்தது. படிக்கப் போகிறவளுக்கு ஒரு எழுத்துதான் மிஞ்சியது.

"அத்திம்பேர், இப்படி இருந்தா இது உங்க பேராட்டமா இருக்கே," என்றேன்.

"சர்டிஃபிகேட்டைப் பார்த்தா தெரிஞ்சுப்பா. அவா என்ன முட்டாளா?" என்றார்.

ஒருமுறைதான் சொன்னேன். இரண்டாவது முறை சொல்லியிருக்கலாம். சென்டர் அம்மாளைக் கூப்பிட்டு அவர் கையிலிருந்து மிஷினைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். நான் செய்யவில்லை. அந்த மாட்டு டாக்டர் என் நினைவுக்கு வந்தார் என்றுதான் சொல்லவேண்டும். எருமை வாசனையோடு பன்னிரண்டு நகலைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

திரு, செல்வி என்று தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் 'திரு' என்று ஏற்கெனவே இருந்தது. அதை அவர் தொடவில்லை. பிறந்த தேதியில் இருபத்துமூன்று, நாலு என்று நம் ஊர் முறையில் அடித்தார். அமெரிக்காவில் மாதம் முதலில் வரும் என்பதால், இருபத்துமூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாது என மிஷின் சிவப்பு எழுத்தில் சொன்னது. கீழே வேலை பார்க்கிற கிளார்க் எதிர்த்துப் பேசிவிட்ட மாதிரி அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அதே தேதியை நாலு தடவை அடித்தார். சென்டர் அம்மாள் வந்து திருப்பிப் போட்டுவிட்டுப் போனாள்.

மற்றதெல்லாம் தாளில் இருந்தபடியே ஏறியது. கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். மேலே ஓர் உறுதிமொழி, கீழே ஒரு கட்டம். இந்தக் கட்டத்தில் முழுப் பெயரை டைப் செய்வது கையால் கையெழுத்து இடுவதற்குச் சமம் என்று எழுதியிருந்தது. அத்திம்பேர் அதை மூன்று தடவை படித்தார். இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு விரலைத் தூக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அவ பேரை அடிங்கோ," என்றேன்.

"அவ இங்கே இல்லை. இல்லாதவா பேரை நான் அடிச்சா அதுக்குப் பேர் ஃபோர்ஜரி. இங்கே உக்காந்திருக்கறது நான். நான் என் பேரைத்தான் போடுவேன்."

 யோசித்துப் பார்த்தால் அன்று அந்த அறையில் பேசப்பட்டதிலேயே நேர்மையான வாக்கியம் அதுதான். கிராமம், தகப்பனார், தான் என்று வரிசையாக அடித்தார். அதற்குப் பக்கத்தில் பதவியையும் அடித்தார். பிறகு திரும்பி, எழுத்தைப் பச்சையாக மாற்ற முடியுமா என்று கேட்டார்.

"இதுல கலரெல்லாம் கெடையாது சார். கறுப்புதான் கீது," என்றாள் அந்த அம்மாள்.

அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தினார். திரையில் ஒரு விண்ணப்ப எண் வந்தது. அதைத் தன் பச்சைப் பேனாவால் தாளில் குறித்துக்கொண்டார். ரசீது எங்கே என்றார். எண்தான் ரசீது என்றாள் அந்த அம்மாள். அது போதாது, பெற்றுக்கொண்டதற்கு யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். அப்புறம் மேஜை டிராயரைத் திறந்து, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் பழைய சீலை எடுத்து அந்தத் தாளில் ஓங்கி ஒரு குத்து குத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அத்திம்பேர் திருப்தியோடு எழுந்தார்.

பரீட்சை முடித்து வந்த பெண் எல்லாம் சரியாகப் போட்டீர்களா என்று கேட்டாள். தன் சர்வீஸில் ஒரு ஃபார்ம்கூடத் திரும்பி வந்ததில்லை என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். அந்த எண்ணைத் தன் மார்க் ஷீட்டுகள் மேல் எழுதி கூரியரில் அனுப்பிவிட்டாள். அதனால் அவளுடைய மார்க்குகள் எல்லாம் நேராகப் போய் அவருடைய பெயரில் இருந்த விண்ணப்பத்தோடு சேர்ந்துகொண்டன.

ஏப்ரலில் தடிமனான கவர் வந்தது. கவரில் திரு என்று போட்டு அத்திம்பேரின் முழுப்பெயர், வாலில் ஒற்றை எழுத்து. அதைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவே இல்லை. வீட்டுக்கு வருகிற எல்லாத் தபாலும் அவர் பெயருக்குத்தானே வரும். எதிர் வீட்டில் குடியிருந்த ரிட்டயரான இங்கிலீஷ் புரொஃபசரைக் கூப்பிட்டார். அக்கா கேசரி கிளறினாள். அத்திம்பேர் கூடத்தில் நின்றுகொண்டு கடிதத்தை உரக்கப் படித்தார். உங்களைச் சேர்த்துக்கொள்வதில் மகிழ்கிறோம், உங்கள் கணித மதிப்பெண்கள் எங்களைக் கவர்ந்தன, ஆகஸ்டில் உங்களை வளாகத்தில் சந்திக்க ஆவலாக இருக்கிறோம் என்று இரண்டு பக்கம். புரொஃபசர் கேசரியை முழுங்கிவிட்டுக் கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"சார், இதுல நீங்கன்னு சொல்றது உங்களைத்தான்," என்றார்.

பெண் அந்தக் காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். படித்து முடித்ததும், "அப்பா, உங்களுக்கு அட்மிஷன் கெடைச்சிருக்கு. எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ்," என்றாள்.

புரொஃபசர் இன்னொரு கரண்டி கேசரி கேட்டார். சிரிப்பை அடக்க அவருக்கு வேறு வழி இருந்திருக்காது.

அத்திம்பேர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. இதெல்லாம் எழுத்துப் பிழை, விசாவுக்குப் போகும்போது ஒரு அஃபிடவிட் கொடுத்தால் போதும் என்றார். பாஸ்போர்ட்டில் ஒரு பெயரும் பல்கலைக்கழகக் கடிதத்தில் வேறொரு பெயரும் இருந்தால் விசா ஜன்னலிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். பெண் பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டாள். இரண்டாம் நாளே ஓர் அம்மாள் பதில் எழுதினாள். விண்ணப்பம் இந்தத் திருவின் பெயரில், அவர் கையெழுத்தோடு இருக்கிறது. அவர் விண்ணப்பதாரர் இல்லையென்றால் அவரே கையெழுத்திட்டு அதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு நீங்கள் புதிதாக விண்ணப்பித்தால் மதிப்பெண்களை மாற்றிக்கொள்கிறோம். வாபஸ் படிவம் இன்டர்நெட்டில் இருக்கிறது. காகிதம் அனுப்ப வேண்டாம். பத்து நாள் அவகாசம்.

அந்தப் படிவத்தில் ஒரே ஒரு வரிதான். நான் விண்ணப்பதாரர் அல்ல, தவறுதலாகக் கையெழுத்திட்டேன் என்று. கீழே பெயருக்கு ஒரு கட்டம்.

"சர்வீஸ்ல இருக்கறவன் தப்பா கையெழுத்து போட்டுட்டேன்னு எழுதிக் கொடுக்கறதா?" என்றார் அத்திம்பேர். "நாளைக்கு இதை யாராவது எங்க டைரக்டருக்கு அனுப்பினா மெமோ கொடுத்துடுவா. பென்ஷன் நின்னுடும்."

அமெரிக்காவில் இருக்கிற அந்த அம்மாளுக்கு அவருடைய டைரக்டரின் விலாசம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அவர் முகம் நிஜமாகவே வெளிறியிருந்தது. எத்தனையோ பேரின் சான்றிதழ்களில் தப்புக் கண்டுபிடித்தவருக்கு, தன் கையெழுத்தில் தப்பு என்று ஒரு வரி ஒப்புக்கொள்ள வரவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று மேலே குறித்து, பத்திகளுக்கு எண் போட்டு, எங்கேயும் தவறு என்ற சொல் வராமல், படிவத்தின் கட்டங்கள் போதிய நீளம் இல்லாதிருந்ததைச் சுட்டிக்காட்டி எழுதினார். பக்கத்துக்குப் பக்கம் பச்சை மையில் கையெழுத்து, முத்திரை. ரிஜிஸ்டர் தபாலில், ஒப்புகைச் சீட்டு இணைத்து அனுப்பினார். போய்ச் சேரப் பதினைந்து நாள் ஆகும் என்று தபால் ஆபீசில் சொன்னார்களாம். அரசாங்கக் கடிதம் சற்று முன்னாலேயே போய்விடும் என்று இவர் சொல்லிவிட்டு வந்தார்.

எட்டாவது நாள் நான் ஆபீசிலிருந்து வரும்போது பெண் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தாள். "சித்தி, கொஞ்சம் உள்ளே வா," என்றாள். சென்டருக்குள் போனோம். அவள் உட்கார்ந்து அந்த வாபஸ் படிவத்தைத் திறந்தாள்.

"இன்னாம்மா, அப்பா வர்லியா?" என்றாள் சென்டர் அம்மாள்.

"அவர் கையெழுத்து போடணும். அதான் வந்திருக்கோம்," என்றாள் பெண்.

அந்த அம்மாள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சர்தான், நான் போய் டீ குடிச்சுட்டு வரேன். மாமியாரு போனை எடுக்காம மட்டும் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

பெண் அடிக்கத் தொடங்கினாள். கிராமத்தின் பெயரில் பாதியில் நின்றாள். "அப்பா இதுக்கு 'டி' மட்டும் போடுவாரா, 'டி-எச்' போடுவாரா?" என்று கேட்டாள். 'டி-எச்' என்றேன். குற்றத்தில் என் பங்கு அவ்வளவுதான், ஆனால் அது பங்குதான். அவள் தாத்தாவின் பெயரை அடித்தாள். அப்பாவின் பெயரை அடித்தாள்.  அனுப்பிவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே புது விண்ணப்பத்தைத் தன் பெயரில் நிரப்பி, கடைசிக் கட்டத்தில் தன் பெயரை அடித்தாள். எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிஷம். வெளியே வந்ததும், "தப்புதானே சித்தி?" என்றாள். தப்புதான் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அவளுடைய பெயரில் கடிதம் ஜூன் மாதம் வந்தது. செல்வி என்று போட்டிருந்தது. அத்திம்பேர் அதை எல்லாக் கோணத்திலும் பார்த்துவிட்டு, தன் நாலு பக்கம் வேலை செய்துவிட்டது என்று அறிவித்தார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இதுதான் பிரசங்கம். இன்டர்நெட், கம்ப்யூட்டர் என்று எத்தனை வந்தாலும் அமெரிக்காக்காரனே கடைசியில் பச்சை மைக்குத்தான் கட்டுப்பட்டான் என்பார். சான்றிதழோடு காத்திருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்குக் கையெழுத்து வேண்டும், ஆட்டாமல் என்ன செய்வார்கள். நான் சமையலறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அக்காவுக்கு விஷயம் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அவள் அந்தப் பிரசங்கம் நடக்கும்போதெல்லாம் மிக்சியைப் போட்டுவிடுவாள்.

ஆகஸ்டில் பெண் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினாள். ஊறுகாய், பருப்புப்பொடி, பிரஷர் குக்கர். அத்திம்பேர் அவளுடைய சான்றிதழ் நகல்களில் எல்லாம், மகள் என்பதால் தான் கையெழுத்துப் போடக்கூடாது என்று, தன் ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் போட்டு வாங்கியிருந்தார். அங்கே யாரும் அதைக் கேட்கவே இல்லை என்று முதல் மெயிலில் எழுதினாள்.

அக்டோபரில் அத்திம்பேர் பெயருக்கு இன்னொரு கவர் வந்தது. தாங்கள் கொடுத்த இடத்தை அவர் மறுத்துவிட்டதில் பல்கலைக்கழகத்துக்கு வருத்தமாம். இன்ன தேதியில் அவர் தம் மின்னணுக் கையெழுத்திட்டு விண்ணப்பத்தை வாபஸ் வாங்கியதைக் குறித்துக்கொண்டார்களாம். வேறு எந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார், ஏன் என்று இன்டர்நெட்டில் ஒரு படிவம் நிரப்பித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி. கூட்டம் போய்விட்டிருந்தது. அவர் மேஜையிலேயே உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். தேதியை விரலால் காட்டினார்.

"அன்னிக்கு நான் செக்ரடேரியட்ல மீட்டிங்ல இருந்தேன். நான் எப்போ கையெழுத்து போட்டேன்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு விநாடி யோசித்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன். சென்டருக்குப் போனது, அவள் அடித்தது, நான் பக்கத்தில் இருந்தது எல்லாவற்றையும். ஃபோர்ஜரி என்ற சொல்லை அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பேனாவை எடுத்தார், மூடியைத் திருகினார், மறுபடியும் திறந்தார். கோபமா, அவமானமா, அந்த முகத்தில் எது என்று எனக்குப் பிடிபடவில்லை.

"எழுத்துப் பிழை இல்லாம அடிச்சாளா?" என்று கேட்டார்.

"டி-எச் போட்டுத்தான் அடிச்சா," என்றேன்.

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அமெரிக்காக்காரன் கட்டுப்பட்ட கதையை அவர் சொல்லவில்லை. யாராவது கேட்டால், பொண்ணு அமெரிக்கா போய்ச் சேர்ந்துட்டா என்று மட்டும் சொல்வார்.